அரை மணி நேரப் பொய்

சேலம் விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் ஆகாயத்தில் நேர்க்கோடு போட்டால் சுமார் 265 கிலோமீட்டர். ஏடிஆர் 72 விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் அரை மணி நேரம்! "அரை மணியில் சென்னை" என்று கேட்டதும் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் அந்த அரை மணி நேரம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. விமானம் நேர்க்கோட்டில் போவதில்லை. ஓடுபாதை வரை உருண்டு போக வேண்டும், உயரம் ஏற வேண்டும், சென்னையில் இறங்க வரிசைக்குக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் கால அட்டவணை ஒரு மணி நேரத்தை ஒட்டிக் காட்டுகிறது.

சரி, ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொண்டு, சேலம் நாலு ரோட்டில் இருக்கும் ஒருவருக்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். விமான நிலையம் சேலத்தில் இல்லை, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. போக 40 நிமிடம். கவுண்டர் மூடுவதற்குள், அதாவது ஒன்றேகால் மணி நேரம் முன்னால் அங்கே நிற்க வேண்டும். பறக்க 60. பெட்டி எடுத்து வெளியே வர 20. மீனம்பாக்கத்திலிருந்து சென்ட்ரல் வர 45. மொத்தம் நான்கு மணி நேரம்!

2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை வந்தே பாரத், சேலம் ஜங்ஷனிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அதே சென்ட்ரலில் கொண்டுவந்து விடுகிறது. அப்புறம் விமானம் எதில் ஜெயித்தது?

இது வெறும் நேரக் கணக்கு அல்ல, பணக் கணக்கும்கூட. தூரம் குறைந்தாலும் தரையிறங்கும் கட்டணம் குறையாது, மேலே ஏற எரியும் எரிபொருளும் குறையாது. அந்தச் செலவைக் கொஞ்சம் கிலோமீட்டர்களில் பங்கு போட்டால் ஒரு கிலோமீட்டர் செலவு எகிறும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 2016ல் வந்த உடான் திட்டம் மூன்று வருட மானியம் தருகிறது. பணம் எங்கிருந்து? பெரிய தடங்களில் பறக்கும் விமானங்கள் மீது விதிக்கும் தீர்வையிலிருந்து.

மானியம் போனால் விமானமும் போகிறது. 2023ல் வந்த சி.ஏ.ஜி. அறிக்கையைப் பாருங்கள். உடான் 3 வரை ஒதுக்கிய 774 தடங்களில் 403ல் சேவை தொடங்கவே இல்லை. தொடங்கிய 371ல் மூன்று வருடத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் தாக்குப்பிடித்தவை வெறும் 54. சேலமே சாட்சி: 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது, 2021ல் நின்றது, மறுபடி விமானம் பார்க்க 2023 அக்டோபர் ஆனது.

"அப்போ சின்ன ஊர்க்காரன் பறக்கக் கூடாதா?" என்று சிலர் கோபப்படலாம். தாராளமாகப் பறக்கட்டும்! தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒரு இரவே போய்விடுகிறது, அங்கே விமானம் உண்மையிலேயே ஒரு நாளை மிச்சப்படுத்துகிறது. மானியம் அப்படிப்பட்ட தடத்துக்குப் போகட்டும். நல்ல ரயில் ஓடும் 300 கிலோமீட்டருக்குள் எதற்கு?

புதுத் தடம் அறிவிக்கும்போது பறக்கும் நேரத்தை மட்டும் சொல்லும் வழக்கம் நிற்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை எத்தனை மணி நேரம், பக்கத்திலேயே ரயிலுக்கு எத்தனை மணி நேரம் — இரண்டையும் சேர்த்துப் போடட்டும். அதற்குப் பிறகும் விமானம் ஜெயித்தால், மானியம் கொடுப்பதில் யாருக்கு என்ன ஆட்சேபம்?