கச்சான் கடைக்குச் சுமை, சாராயக் கடைக்குச் சலுகையா?

ஊர்த் திருவிழாவும் அதனையொட்டிய வீதிச் சந்தையும் எம்மவருக்குப் புதியன அல்ல. கோயிலிற் கொடி ஏறியதும் வீதியின் இருமருங்கும் கச்சான் கடையும் காப்புக் கடையும் இனிப்புக் கடையும் எழும். வெங்காயம் விற்ற காசில் உழவன் தன் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் வாங்குவதும், கடல் கடந்து சென்றவர் மீண்டு வந்து பழைய தோழரைக் காண்பதும் அவ்வீதியிலேதான். அத்தகைய வீதி, இரவு ஒன்பது மணிக்குப் பின்னர் பெண்கள் நடக்கத் தயங்கும் வீதியாக மாறுமாயின், அதற்குப் பொறுப்பாளர் யாவர்? அவ்வீதியைக் காக்கும் செலவைக் கொடுக்க வேண்டியவர் யாவர்?

அண்மையில் வடமராட்சிக் கிராமம் ஒன்றில் நிகழ்ந்த சந்தை ஏற்பாட்டுக் கூட்டத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். மேலதிகப் பொலிசாரின் உணவு, போக்குவரத்து, மின்விளக்கு, தடுப்புவேலி ஆகியவற்றின் செலவை எங்ஙனம் ஈடுசெய்வது என்பதே பேச்சு. ஒருவர் எழுந்து, கடைக்காரரிடம் அறவிடும் காசை இருமடங்காக்குவோம் என்றார். இன்னொருவர், அயலூர் மதுபான வியாபாரி நன்கொடை தர ஆயத்தம், அவர் விற்கும் சாராயத்தின் விளம்பரப் பலகையைச் சந்தை வாயிலில் மாட்டினாற் போதும் என்றார். சபையிற் பாதிப்பேர் தலையசைத்தனர். நாம் தலையசைக்கவில்லை. ஏன் என்பதை இங்கு எழுதுகின்றோம்.

முதலாவதாக, அந்த நன்கொடை சட்டவிரோதமானது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மது விளம்பரத்தைத் தடுக்கின்றது. மதுவின் வணிகக் குறியைக் காட்டிப் பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கு அனுசரணை வழங்குவதையும் தடுக்கின்றது. இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்கு மது விற்றலும் குற்றம். அப்பிள்ளைகள் வந்து கூடும் வாயிலிலேயே சாராயப் பலகையைத் தொங்கவிடுவது எவ்வகை அறம்?

இரண்டாவதாக, கடைக்காசை இருமடங்காக்குவது அநீதி. கச்சான் தின்று எவனாவது கத்தியெடுத்ததுண்டா? சில நாட் சந்தையை நம்பிக் கடன்பட்டுச் சரக்கெடுக்கும் மூதாட்டி, எவனோ குடித்து வெறித்தாடியதற்குத் தண்டப்பணம் கட்டுவதா? விற்றவன் இலாபத்தோடு வீடு செல்ல, விற்காதவள் செலவைச் சுமப்பது எந்த நீதிநூலில் உள்ளது?

மூன்றாவதாக, பொதுவீதியில் அமைதி காத்தல் அரசின் கடமை. அதற்காகவே மக்கள் வரி செலுத்துகின்றனர். இங்கிலாந்தில் லீட்ஸ் காற்பந்தாட்டக் கழகம் தொடுத்த வழக்கில், மைதானத்துக்கு வெளியேயுள்ள பொது வீதிகளின் காவற்செலவைக் கழகத்திடம் அறவிட முடியாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் தீர்த்தது. செல்வம் கொழிக்கும் கழகத்துக்கே அதுதான் நீதி எனின், எமது ஊர்ச் சங்கத்துக்கு வேறு நீதியா?

அதே நாடு 2011இல் இயற்றிய சட்டம் வேறொரு வழியையும் காட்டுகின்றது. நள்ளிரவுக்குப் பின் மது விற்கும் நிலையங்களிடம் உள்ளூராட்சி மன்றங்கள் தனித் தீர்வை அறவிடலாம். நிகர வருமானத்தில் குறைந்தது 70 சதவீதம் பொலிசுக்குச் செல்லும். குழப்பத்துக்கு வித்திடும் வாணிபமே அதன் செலவையும் தாங்கவேண்டும் என்பது இதன் கருத்து.

இங்கு நடப்பது யாது? 2024இல் மதுவரித் திணைக்களம் ஈட்டிய வருமானம் 20,000 கோடி ரூபாவுக்கும் மேல். பணம் திறைசேரிக்கு, வெறியும் வேதனையும் எமது ஊருக்கு! அவ்வாண்டில் வழங்கப்பட்ட 300க்கு மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் வெளியானபோது நாடே திகைத்தது. அனுமதி கொடுத்தவர் கொழும்பிலிருக்க, அதன் பயனை அனுபவிப்பது கிராமம். 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் ஏட்டில் எழுதிய பொலிஸ் அதிகாரமும் மாகாணத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. அந்நியர் ஆண்ட 1920களிலே வாக்களித்துத் தவறணைகளை மூடுவித்த மக்கள் எம்மவர். அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இன்று எவரும் சம்மதம் கேட்பதில்லை.

“தடைசெய்தாற் கசிப்புப் பெருகும்” என்பர். நாம் முழு மதுவிலக்குக் கேட்கவில்லை. பனையேறிப் பிழைக்கும் சீவல் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதும் எமது நோக்கமன்று. அவரைப் பழித்துவிட்டுப் போத்தற் சாராயத்துக்குப் பந்தலிடும் பெரிய மனிதத்தனத்தையே கண்டிக்கின்றோம். போயா நாளில் நாடெங்கும் மதுக்கடைகளை மூட இயலுமெனின், சந்தை நடைபெறும் இரவில் அவ்வூர்க் கடையை மட்டும் மூடுதல் இயலாததா?

எமது கோரிக்கைகள் நான்கு. சந்தை நாட்களில் அயலிலுள்ள மதுக்கடைகள் மாலையிலேயே மூடப்படல் வேண்டும். மதுவரி வருமானத்தில் ஒரு பங்கு பிரதேச சபைகளைச் சேர்தல் வேண்டும். காவலுக்கு அனுப்பப்படும் பொலிசார் தமிழில் முறைப்பாடு ஏற்கவல்லவராக இருத்தல் வேண்டும். சந்தையின் வரவு செலவுக் கணக்கு கோயில் வாயிலில் ஒட்டப்படல் வேண்டும்.

அரசு செய்யும்வரை கைகட்டி நிற்றலும் தகாது. ஊர்தோறும் ஆணும் பெண்ணும் சேர்ந்த தொண்டர் அணிகள் எழுக! சட்டத்தரணியும் ஆசிரியரும் மருத்துவரும் உழவரும் அதில் ஒருங்கே நிற்க. தொண்டர் பொலிசாரின் இடத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் விழித்திருக்கும் ஊரிற் பொலிசாருக்கு வேலை குறையும்.

அக்கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. மீண்டும் கூடும்போது, சாராயக் காசின் வாடை அறியாத சந்தையே வேண்டுமென்று சொல்ல நாம் செல்வோம். நீங்களும் உங்கள் ஊரிற் சென்று சொல்லுங்கள்.