பாலாற்றங்கரை நகரங்களும் ஊரமைப்புத் திட்டமும்

இல்லம் ஒன்று எடுக்கப் புகுவோன், அடுக்களை எங்கு அமைதல் வேண்டும், கிணறு எங்கு வேண்டும், சலதாரை எத்திசையில் ஓட வேண்டும் என்பவற்றை முன்னரே எண்ணிப் பார்க்கின்றான். கிணற்றருகே சாக்கடையை விடுவானைக் கண்டு ஊரார் நகையாடுவர். ஆயின், பல்லாயிரம் இல்லங்கள் கூடிய நகரத்தின் திறத்தில் இவ்வெண்ணம் நமக்கு எளிதில் எழுவதில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களைப் பிறந்தகமாகக் கொண்ட நம்மில் பலருக்கு இது புறத்தே நிற்கும் பொருளன்று. நாம் பருகும் நீரைப் பற்றியது. ஆதலின், 'மாஸ்டர் பிளான்' என வழங்கும் நகரின் முழுமைத் திட்டம் நமக்கு எதற்காக வேண்டும் என்பது குறித்து எம் கருத்தை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

நகரமைப்பு மேனாட்டார் கற்பித்த புதுமை என்பார் உளர். தமிழ் பயில்வோர் அங்ஙனம் கருதார். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, காவிரிப்பூம்பட்டினத்தைக் கடலை அடுத்த மருவூர்ப்பாக்கம் என்றும், அரச வீதியை உடைய பட்டினப்பாக்கம் என்றும் இரு கூறாகக் காட்டி, இரண்டிற்கும் இடையே மரச்சோலையில் நாளங்காடியை வைக்கின்றது. மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளர் வரிசையில் தோல் தைப்போரும் இடம்பெறுகின்றனர். எனினும், அப்பகுப்புப் பெரும்பாலும் தொழிலையும் குடியையும் ஒட்டியது. இந்நாளில் நாம் வேண்டுவது நீரையும் நிலத்தையும் ஒட்டிய பகுப்பாகும்.

இக்கால முறையை நம் நாட்டிற் பரப்பியவருள் ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் தலையானவர். அவர் திரட்டிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் 1914-ஆம் ஆண்டில் கப்பலில் வருகையில், சென்னை மீது குண்டு பொழிந்த அதே எம்டனால் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அவர் சோர்ந்திலர், மீண்டும் படங்களைத் திரட்டி, 1915 ஜனவரியில் சென்னையில் அக்கண்காட்சியை நடத்தினார். முதலில் ஊரை நடந்து பார்த்து அறிக, பின்னர்த் திட்டம் வரைக என்பது அவர் கொள்கை. சென்னை மாகாணம் 1920-இல் நகரமைப்புச் சட்டம் இயற்றிற்று. இன்று நடைமுறையில் உள்ளது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். குடியிருப்பு, வாணிகம், தொழில், வேளாண்மை ஆகிய ஒவ்வொன்றிற்கும் உரிய நிலம் எது, சாலை எங்கு வரும், வெற்றிடமாக விட வேண்டியது எது என்பவற்றை முழுமைத் திட்டம் வரையறுக்கின்றது. பல ஊர்களைத் தழுவிய மண்டலத் திட்டத்திற்கும் அச்சட்டம் இடந்தருகின்றது.

நிற்க. நம் பகுதியின் கதையை நோக்குவோம். பாலாற்று நீர், ஆவாரம் பட்டை, 1856-இல் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய இரயில் ஆகியவை தோல் தொழிலுக்குத் துணை நின்றன. பட்டையைக் கொண்டு பதனிட்ட நாளிற் கழிவு உண்டெனினும், அதன் தீமை ஓரளவினதே. 1970-களில், அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை அனுப்பாது முற்றுப்பெற்ற தோலையும் காலணியையும் வெளிநாட்டிற்கு அனுப்புக என்று மத்திய அரசினர் வகுத்தனர். சீதாராமையா குழுவினர் 1972-இல் கூறிய ஆலோசனையே இதற்கு அடிப்படை. நாட்டிற்கு அந்நியச் செலாவணி வந்தது. ஆம்பூர்க் காலணி கடல் கடந்து புகழ் பெற்றது. ஆயின், குரோமியம் கலந்த நீர் எங்கே செல்லும் என்று கேட்டார் அரியர். ஏற்றுமதிக்குத் திட்டம் இருந்தது. ஆற்றிற்குத் திட்டம் இல்லை. இதுவே எம் குறை.

பயன் யாதாயிற்று? வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தினர் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தனர். 1996 ஆகஸ்டு 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ பகுதியோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பெற்றது. கெடுத்தவரே ஈடு செய்க என்னும் நெறி இந்நாட்டுச் சட்டமாக நிலைபெற்றது அன்றே. ஆற்றினின்று ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய ஆலை கூடாதென்று 1989-இலேயே அரசாணை பிறந்திருந்தது. ஆலைகள் கரையில் வேரூன்றிய பின்னர்ப் பிறந்த ஆணை அது. வெள்ளம் வந்த பின் இட்ட அணை. 2025 ஜனவரி 30-இல், பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. யாம் அத்தலைமுறையினரே.

நிலத்தோடு நின்றதா கேடு? 2015 ஜனவரி 31-ஆம் நாள் நள்ளிருளில், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையின் கழிவுநீர் நிலையத்தில் சேற்றுத்தொட்டி ஒன்று உடைந்தது. அடுத்திருந்த தோற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அச்சேற்றில் மாண்டனர். அவருட் பலர் வங்காளத்தினின்று பிழைப்பு நாடி வந்தவர். நஞ்சுத் தொட்டியின் மருங்கில் மக்கள் உறங்க நேர்ந்தது எங்ஙனம்? தொழிலுக்கு நிலம் வகுத்தோர், தொழிலாளி இராப்பொழுதில் எங்கே தலைசாய்ப்பான் என்று வகுத்திலர். எங்கு நிலம் மலிவோ அங்கு ஆலையும் எழும், சேரியும் எழும். திட்டமில்லாத ஊரில் கழிவு எளியவர் வாயிலுக்கே வந்து சேரும்.

திட்டமும் வரையறையும் தொழிலை நசுக்கிவிடும் என்று சிலர் அஞ்சுவர். இவ்வச்சத்தை யாம் எள்ளவில்லை. விடியுமுன் எழுந்து, சோற்றுப் பாத்திரத்தோடு கம்பெனி வண்டிக்காக நெடுஞ்சாலையில் நிற்கும் பெண்மக்களை ஆம்பூர்ப் பக்கத்தில் யாவரும் கண்டிருப்பர். அவர்தம் கூலியிற் கல்லூரிச் சம்பளம் கட்டிப் பயில்வோர் நம் வகுப்பறைகளில் உளர். ஆலையை மூடுக என்பது எம் வாதமன்று. திட்டமின்மையே தொழிலுக்கும் பகை என்கின்றோம். வழக்காலும் தடையாணையாலும் வாசல் அடைபட்டபோது முதலில் கூலி இழந்தவர் இப்பெண்மக்களே. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்ததும், கழிவுநீரை வெளிவிடாது மீளப் பயன்கொள்ளும் முறை வந்ததும் நன்றே. ஆயினும், நீரைக் காய்ச்சியபின் எஞ்சும் உப்பு குவிந்து கிடக்கின்றது. அதற்கு ஓர் இடம் வகுத்தாக வேண்டும்.

இனி, யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, திட்டத்தின் எல்லை ஆற்றின் எல்லையாக இருத்தல் வேண்டும். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின், வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூரிலும், பேரணாம்பட்டு வேலூரிலும், வாலாஜாவும் மேல்விஷாரமும் இராணிப்பேட்டையிலும் அமைந்தன. பாலாறு மட்டும் பிரியவில்லை. மேலூரார் விட்டது கீழூரார் கிணற்றில் ஊறும். ஆதலின் இவையனைத்திற்கும் ஒரே மண்டலத் திட்டம் தேவை. இரண்டாவது, ஆலைக்கு நிலம் ஒதுக்குகையில் தொழிலாளர் இல்லம், குடிநீர், பஸ், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றிற்கும் உடன் ஒதுக்குதல் வேண்டும். மூன்றாவது, திட்டத்தின் வரைவு எளிய தமிழில் ஊர்தோறும் மக்கள் கண்ணிற் படவேண்டும். வரைவு வெளியானபின் மறுப்புரைக்க இரண்டு திங்களுக்குக் குறையாத தவணையைச் சட்டம் அளிக்கின்றது. அதனை நம்மவர் எத்துணைப் பேர் அறிவர்?

வேலூர் 2008-இல் மாநகராட்சியாயிற்று. 2016-இல் சீர்மிகு நகரங்களின் வரிசையிலும் சேர்ந்தது. சாலையும் விளக்கும் பெறுதல் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், அணிகலன் பூட்டுமுன் உடல்நலம் வேண்டும். மாணவ அன்பர்களே, அடுத்த வரைவு வெளியாகும் நாளில், நம் ஊரின் படத்தைக் கையில் கொண்டு, நம் தெருவும் கிணறும் எந்நிறத்தில் தீட்டப்பெற்றுள்ளன என்று பார்ப்போமாக. தவறு காணின், தவணைக்குள் தமிழில் எழுதி அனுப்புவோமாக. படித்தவர் செய்யத்தக்க சிறு தொண்டு இது. இதனைச் செய்யாது, பின்னர் வறண்ட ஆற்று மணலில் நின்று வருந்துவதிற் பயனில்லை.