பெயர்ப்பலகை மாறினால் போதுமா?

தோட்டத்துப் பாட்டாளி மக்களே! இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டது பெயரைப் பற்றி. பிள்ளைக்கு வைக்கும் பெயரைப் பற்றி அல்ல. தோட்டத்து வாசலில் பெரிய எழுத்தில் நட்டு வைத்திருக்கிறார்களே, கம்பெனியின் பெயர்ப்பலகை, அதைப் பற்றித்தான்.

சபாக் பெர்ணாம் தொடங்கிக் கோல சிலாங்கூர் வரையில் நம் பக்கத்துத் தோட்டங்கள் கண்ட பெயர்கள் கொஞ்சமா? துரை பெயர், துரைசானி பெயர், லண்டன் கம்பெனி பெயர், பிறகு மலாய்ப் பெயர், பிறகு கூட்டுக் கம்பெனி பெயர். தோட்டம் மட்டுமா, பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊரையே 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். ஆனாலும் நம் வாயில் வருவது பழைய பெயர்தான்.

அண்மையில் சபாக் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். வாசலில் புதுப் பலகை பளபளவென்று நின்றது. “மனிதர்களை மதிக்கிறோம்” என்ற பொருளில் கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்கள். பரவாயில்லையே என்று உள்ளே போய், உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு மர நிழலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம், “புதுப் பலகை வைச்சிருக்காங்களே, எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டோம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “பலகைய மாத்திட்டாங்க தம்பி. வாய மாத்தலியே! காலையில பெரட்டுல இன்னும் அதே ஏச்சுதான்.”

நாம் ஒரு பக்கத்தில் எழுத வேண்டியதை அந்த அம்மா ஒரே பேச்சில் சொல்லிவிட்டார்.

பெயர் என்றால் கம்பெனிக்காரர்களுக்கு உயிர். காரணம் இருக்கிறது. கத்ரி என்ற பெயரைப் பாருங்கள். 1821-இல் சிங்கப்பூரில் அலெக்சாண்டர் கத்ரி என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய வியாபாரம் அது. பிறகு ரப்பரும் செம்பனையுமாக மலாயா முழுதும் பரந்தது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி, லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் பங்குகளை வாங்கி, நம் நாட்டின் பிஎன்பி அதைக் கைப்பற்றியது. வெள்ளைக்காரன் கையிலிருந்து தோட்டத்தை மீட்டோம் என்று நாடே பேசிய காலம் அது. 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சைம் டார்பி என்றார்கள். 2017-இல் தோட்டப் பகுதியைப் பிரித்துத் தனிக் கம்பெனியாக்கினார்கள். 2024 மே மாதம் அதற்கே எஸ்டி கத்ரி என்று பெயர் சூட்டினார்கள். போன பெயர் மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது!

இத்தனை முறை பெயர் மாறியபோதும் மாறாமல் நின்றது எது? அரிவாளும் நீளக் கழியும் பிடித்த கை. நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனையை வியாபாரப் பயிராக நட்ட இடம் அது. பெயரைக் காதால் கேட்டாலே தமிழ் வாடை அடிக்கிறதே! 2017-இல் செம்பனைக்கு நூறு வயது என்று நாடு கொண்டாடியது. மகிழ்ச்சிதான். ஆனால் குழி வெட்டியவன், கன்று சுமந்தவன், குலை சுமந்தவள், இவர்கள் பெயரை எந்தப் பலகையில் எழுதினார்கள்?

போகட்டும். பெயருக்கு வந்த ஒரு சோதனையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

2020 செப்டம்பர் 30-ஆம் தேதி அமெரிக்கச் சுங்கத்துறை எஃப்ஜிவி கம்பெனியின் செம்பனை எண்ணெயைத் தடுத்து நிறுத்த உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 30-இல் சைம் டார்பி தோட்டக் கம்பெனிக்கும் அதே கதி. காரணம் என்ன? எண்ணெயில் கலப்படமா? இல்லை. கட்டாய உழைப்பு! அனைத்துலகத் தொழில் நிறுவனம் கட்டாய உழைப்புக்கு 11 அடையாளங்கள் வகுத்திருக்கிறது. ஏமாற்றி வேலைக்குக் கூட்டி வருவது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது, கடனில் கட்டிப் போடுவது, மிரட்டுவது, அடிப்பது, வெளியே போக விடாதது, அளவுக்கு மீறி வேலை வாங்குவது, இப்படி. சைம் டார்பி விஷயத்தில் அந்த 11-க்கும் தங்களுக்குத் தகவல் உண்டு என்றது அமெரிக்கச் சுங்கத்துறை. 2022 ஜனவரியில் அதை உறுதி செய்து முடிவும் வெளியிட்டது.

அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2022 ஏப்ரலில், நுட்டெல்லா செய்யும் ஃபெரேரோ கம்பெனி, இனி சைம் டார்பி எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சாக்லேட் கம்பெனிக்குத் தன் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். அந்தப் பயம் கடல் தாண்டி வந்து இங்கே தோட்ட ஆபிசின் கதவைத் தட்டியது. கம்பெனி வெளியாட்களை வைத்துத் தோட்டங்களைச் சோதித்தது. ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு, முன்பு வேலை செய்து ஊர் திரும்பியவர்களையும் சேர்த்து, சுமார் 8 கோடியே 20 லட்சம் வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கா தடையை நீக்கியது.

செய்ததைச் செய்தார்கள் என்று ஒப்புக்கொள்ள நாம் தயங்கவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பது லேசான காரியம் அல்ல. ஆனால் நம் மனத்தில் ஒரு கேள்வி குத்துகிறது. இதைச் செய்ய அமெரிக்கக்காரன் வந்து சொல்ல வேண்டுமா? தோட்டத்தில் இருப்பவன் சொன்னால் காது கேட்காதா?

கேட்காது என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் பெரியவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். பெண்களிடம் வாலாட்டுவதை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். உறவினர் வந்து பார்த்துப் போக அனுமதி கேட்டார்கள். மனிதனை மனிதனாக நடத்து என்று கேட்டார்கள்! பத்திரிகைத் தொழிலில் இருந்து வந்து அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதனை 1941 மே மாதத்தில் கைது செய்தார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் போயின. அன்று அந்தக் கம்பெனிகளின் பெயர் கெட்டதா? லண்டனில் ரப்பர் வாங்கியவன் முகம் சுளித்தானா? இல்லை. அன்று பெயருக்கும் தொழிலாளிக்கும் தொடர்பே இல்லாமல் இருந்தது.

இன்று தொடர்பு வந்துவிட்டது. இதைத்தான் நம் மக்கள் நன்றாக மனத்தில் பதிய வைக்க வேண்டும். பலகையில் எழுதிய பெயர் கம்பெனிக்குச் சொந்தம். அந்தப் பெயரின் மானம் மட்டும் பெரட்டுக் களத்தில் மண்டோர் வாயிலும், லயத்துக் குழாயில் வரும் தண்ணீரிலும், ஆபிஸ் ஜன்னலில் கிராணி சொல்லும் பதிலிலும் இருக்கிறது. கோலாலம்பூரில் அழகான புத்தகம் அச்சடித்து மானத்தைக் காப்பாற்ற முடியாது.

ஆனால் என்ன செய்கிறார்கள்? ஆர்எஸ்பிஓ சோதனைக்காரர்கள் வருகிறார்கள் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே லயத்துக்குச் சுண்ணாம்பு. கால்வாய் சுத்தம். ஆயக்கொட்டாய்க்குப் புதுப் பாய். “வர்றவங்க கேட்டா நல்லபடியாச் சொல்லுங்க” என்று மண்டோர் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போவார். கார் திரும்பியதும் பாய் ஸ்டோருக்குத் திரும்பிவிடும். எல்லாத் தோட்டத்திலும் இப்படி என்று நாம் சொல்ல மாட்டோம். பெர்ணாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜெண்டராத்தாவில் இருக்கும் யுனைடெட் பிளான்டேஷன்ஸ்தான் 2008-இல் உலகிலேயே முதலாவதாக அந்தச் சான்றிதழ் வாங்கியது. ஆஸ்பத்திரி, ரொட்டி சுடும் பேக்கரி என்று அங்கே நெடுநாளாகவே வைத்திருக்கிறார்கள். மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்காகச் சொல்கிறோம். சுண்ணாம்பு மழைக்குக் கரையும். பழக்கம் கரையாது. நல்ல பழக்கமும் கரையாது, கெட்ட பழக்கமும் கரையாது.

இனி, கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபிக்க வேண்டாம்.

2020-இல் உலகம் பேசிய துன்பம் பெரும்பாலும் யாருடையது? வங்காளதேசத்துப் பையன், இந்தோனேசியத் தொழிலாளி, நம் தமிழ்நாட்டிலிருந்தும் வடஇந்தியாவிலிருந்தும் வந்தவன். இவர்களுடையது. இன்று பல தோட்டங்களில் குலை வெட்டுவது அவர்கள். அவர்களுக்கு மேலே மண்டோராக, கிராணியாக, காவல்காரராக நிற்பதில் நம் ஆட்களும் உண்டு. சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பையனை “டேய்” என்று கூப்பிடுவது யார்? பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், “அந்த பங்களா” என்று சொல்வது யார்? காய்ச்சல் என்று வந்தவனை, “நடிக்கிறான்” என்று விரட்டுவது யார்? நம் தாத்தாவைத் துரை எப்படி நடத்தினான் என்று வீட்டில் கதை கதையாகச் சொல்கிறோம். அதே கதையை இன்னொருவன் டாக்காவுக்குப் போய் நம்மைப் பற்றிச் சொல்லும்படி நடக்கலாமா?

கம்பெனியின் பழக்கவழக்கம் என்பது மேலே இருந்து மட்டும் வருவதல்ல. மேலே இருப்பவன் ஏசினால் நடுவில் இருப்பவன் ஏசுகிறான். நடுவில் இருப்பவன் ஏசினால் கீழே இருப்பவன் வீட்டுக்குப் போய் மனைவியை ஏசுகிறான். எங்காவது ஒருவர் நிறுத்த வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருந்தால் என்ன குறைந்துபோகும்?

சட்டமும் இன்று கொஞ்சம் நம் பக்கம் வந்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை முதலாளி வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டி வைக்க வேண்டும். கட்டாய உழைப்பு வாங்குவது குற்றம். ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிரசவ விடுப்பு 98 நாள். வாரத்துக்கு வேலை 45 மணி. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பெண்கள் ஆண்டுக்கணக்கில் முதுகில் சுமந்து தெளித்த பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் நாட்டிலேயே தடை. இதெல்லாம் தானாக விழுந்த பழமல்ல. எத்தனையோ பேர் கழி வைத்து இழுத்த குலை.

ஆகவே நிர்வாகத்துக்கு நாம் வைக்கும் கோரிக்கைகள் சில. புதுப் பலகைக்குச் செலவழித்ததில் ஒரு பங்கை மண்டோருக்கும் கிராணிக்கும் மரியாதையாகப் பேசப் பழக்குவதில் செலவழியுங்கள். குறை கேட்கும் பெட்டியைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது. குறை சொன்னவருக்கு இத்தனை நாளில் பதில் என்று தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள். ஒட்டும் அறிவிப்பைத் தமிழிலும், வங்காளத்திலும், வேலை செய்கிறவன் படிக்கும் எந்த மொழியிலும் ஒட்டுங்கள்.

நம் மக்களுக்கும் சில சொல்வோம். சோதனைக்காரர் வந்து தனியாகக் கேட்டால் பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். சம்பளச் சீட்டை அடுப்பில் போடாமல் பத்திரமாக வையுங்கள். சங்கத்தில் சேருங்கள். புதிதாக வந்தவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் குறைந்த சம்பளத்துக்கு மௌனமாக வேலை செய்தால், நாளைக்கு உங்கள் சம்பளமும் மௌனமாகக் குறையும்.

அந்த அம்மாவிடம் விடைபெறும்போது, “பலகையில எழுதினது நெசமாகணும்னா என்னம்மா செய்யணும்?” என்று கேட்டோம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பெரிசா ஒண்ணும் வேணாம் தம்பி. காலையில பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. முப்பத்தோரு வருசமா ‘ஏய்’தான்.”

கம்பெனி தன் பெயரை எத்தனை முறையும் மாற்றிக்கொள்ளட்டும். முதலில் தொழிலாளியின் பெயரைக் கற்றுக்கொள்ளட்டும்!