எட்டு நொடி பின்னால்

"உங்க ரேடியோவைக் கொஞ்சம் கம்மி பண்ணிட்டுப் பேசுங்க." பண்பலையில் நேயர் தொலைபேசி நிகழ்ச்சி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடமாக இருக்கும். இல்லாவிட்டால் ‘கூ’வென்று ஊளையிடும், அதற்காகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். பாதி சரி. நிலையத்தில் ஒலிபரப்பைச் சில நொடி தாமதப்படுத்தும் டிலே யூனிட் ஓடிக்கொண்டிருந்தால் ஊளை வராது, அதைவிட வேடிக்கையான ஒன்று நடக்கும். நேயர் "ஹலோ" என்பார். எட்டு நொடி கழித்து அவர் வீட்டு அலமாரியிலிருந்து அதே "ஹலோ" வரும். யாரோ தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து இவர் "ஆங், சொல்லுங்க" என்பார். அதுவும் எட்டு நொடியில் திரும்பி வரும். இப்படித் தன்னோடு தானே ஒரு நிமிடம் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன்.

15 வருடம் இருக்கும், ஒரு பண்பலை நிலையத்தில் இரவு நிகழ்ச்சிக்குத் தயாரிப்பாளராக இருந்தேன். ரேக்கில் டிவிடி பிளேயர் அளவில் தட்டையாக ஒரு பெட்டி, அதுதான் டிலே யூனிட். முகப்பில் நொடி காட்டும் சின்னத் திரை. அதிலிருந்து ஒயர் இழுத்துக் கன்சோல் ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டன் வைத்திருந்தார்கள். டம்ப் பட்டன். ஸ்டூடியோவில் பேசுவது முதலில் பெட்டிக்குள் போகும், எட்டு நொடி வயிற்றில் தங்கும், பிறகுதான் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். யாராவது கண்டபடி பேசினால் பட்டனை அழுத்த வேண்டும். வயிற்றில் இருந்த எட்டு நொடியும் காலி. ஒலிபரப்பு ஒரே தாவலில் ‘இப்போது’க்கு வந்துவிடும்.

கெட்ட வார்த்தைக்காகவே இதைக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கதை வேறு. 1952-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆலன்டவுன் ஊரில் டபிள்யூ.கே.ஏ.பி. என்ற நிலையம் நேயர்களோடு தொலைபேசியில் உரையாட ஆசைப்பட்டது. தொலைபேசிக் குரலை நேரடியாக ஒலிபரப்ப அன்றைய விதி விடவில்லை. டேப்பில் பதிந்ததைப் போடக் கூடாது என்று மட்டும் எந்த விதியும் இல்லை. தலைமைப் பொறியாளர் ஃபிராங்க் கோர்டாரோ அந்தச் சந்தில் புகுந்துவிட்டார். பதிவுசெய்கிற ஹெட்டிலிருந்து டேப்பைச் சுற்றி வளைத்து ஓடவிட்டு, சில நொடி கழித்து ஒலிக்கிற ஹெட்டில் பிடித்தார். அவ்வளவுதான், நேரலை ‘பதிவு’ ஆகிவிட்டது. நம்ம ஊர் வக்கீல்களே கைதட்டியிருப்பார்கள்.

டேப் காலத்தில் நேரத்தை அடிக்கணக்கில் அளந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் டேப்பில் 7 நொடி தாமதம் வேண்டுமானால் இரண்டு ஹெட்டுக்கும் நடுவே நாலேகால் அடிக்குச் சற்று மேல் டேப் வேண்டும். ஒருவர் திட்டினால் அந்தத் திட்டு நாலடி நடந்து வருவதற்குள் பிடித்துவிடலாம்.

1977-இல் லாஸ் ஏஞ்சலஸின் கே.எஃப்.ஐ. நிலையத்தில் ஈவென்டைட் நிறுவனத்தின் டிஜிட்டல் டிலே வந்தது. டம்ப் வசதி அதில் இருந்தது. அழித்த தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. எங்கள் பெட்டியும் அந்த வம்சம்தான். அழுத்திய பிறகு திரையில் சைபர் வரும். அதன்பின் பெட்டி, பேச்சை யாருக்கும் தெரியாமல் இழுக்க ஆரம்பிக்கும். பத்து நொடிப் பேச்சைப் பதினோரு நொடியாக நீட்டினால், எட்டு நொடி மறுபடி சேர ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடமும் நாம் கயிற்றின் மேல் நடக்கிறோம், கீழே வலை பாதிதான் கட்டியிருக்கிறது. எட்டு நொடியும் சேர்ந்தால்தான் பச்சை லைட். அதனால்தான் எங்கள் சீனியர், "பச்சை லைட் வராம அடுத்த காலை எடுக்காதே, பாட்டைப் போடு" என்று கன்சோலிலேயே எழுதி ஒட்டியிருந்தார்.

ஒரு ரகசியத்தையும் சொல்லிவிடலாம். நாங்கள் ‘லைவ்’ என்று போட்ட எல்லாமே லைவ் இல்லை. பாட்டு ஓடுகிற நாலு நிமிடத்தில் நேயரோடு பேசிப் பதிந்து, அசிங்கத்தை வெட்டி, அடுத்த இடைவெளியில் போட்டுவிடுவோம். பாட்டுதான் எங்களுடைய பெரிய டிலே யூனிட். இரவு பத்து மணிக்கு மேல் ஓடிய நிகழ்ச்சி மட்டும் நிஜமாகவே நேரலை. புத்தாண்டு இரவில் அதிலும் சிக்கல். பெட்டியை ஓடவிட்டால் எங்கள் நேயர்களுக்கு மட்டும் வருடம் எட்டு நொடி தாமதமாகப் பிறக்கும். அதனால் பதினொன்றே முக்காலுக்கே பெட்டியை வடித்துவிட்டு, அதற்கப்புறம் யாரிடமும் போன் பேச மாட்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி லைனில் வந்தார். ஆர்ஜே, "எந்த ஊரு பாட்டி, யாருக்காக இந்தப் பாட்டு?" என்று கேட்டான். பாட்டி ஊரைச் சொல்லிவிட்டு, "எம் புருசனுக்குத்தேன் தம்பி. கட்டையில போறவன், இந்தப் பாட்டுப் போட்டாத்தேன் கஞ்சி குடிப்பான்" என்றார்.

‘கட்டையில போறவன்’ காதில் விழுந்ததும் என் விரல் இறங்கிவிட்டது. பயிற்சியில் கொடுத்த பட்டியலில் அது இருந்தது. ‘சாபம், வசை’ என்ற தலைப்பின் கீழ்.

பெட்டி ஊரையும் புருசனையும் கஞ்சியையும் சேர்த்து விழுங்கியது. வெளியே கேட்டவர்களுக்கு வந்தது இவ்வளவுதான்: "எந்த ஊரு பாட்டி?" என்று ஆர்ஜே கேட்கிறான். "போன தையில போயே சேந்துட்டான் தம்பி" என்று பாட்டி சொல்கிறார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்ஜேவுக்கு ஒன்றும் தெரியாது. அவன் ஹெட்போனில் கேட்பது கன்சோல் ஒலி. ஏர் ஒலியைக் கேட்டால் தன் குரலே எட்டு நொடி பிந்தி வந்து நாக்கைக் குழப்பும். அவன் உருகிப்போய்ப் பாட்டிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். நான் திரையைப் பார்த்தேன். 0.0. அரை நொடி. ஒரு நொடி. பாட்டி போனை வைத்தார். பாட்டு எனக்குத் தயாராக இல்லை, பதற்றத்தில் தேடவும் தோன்றவில்லை. காத்திருந்த அடுத்த காலை உள்ளே தள்ளிவிட்டேன். அப்போது திரையில் மூன்றரைக்குப் பக்கம்.

ஓர் இளைஞர். குரலில் அவ்வளவு மரியாதை. ஒரு வரிக்கு இரண்டு ‘சார்’. காதலித்த பெண் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார். பெண்ணின் பெயரைச் சொன்னார். எந்தக் கடையில் எந்தக் கவுன்டரில் நிற்கிறார் என்று சொன்னார். இத்தனை மணிக்கு எந்த பஸ்ஸில் வருவார் என்றும் சொன்னார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. என் பட்டியலில் இருந்த எதுவும் இல்லை. என் காது பட்டியலை வைத்துக்கொண்டு வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தது, வாக்கியத்தைக் கேட்கவில்லை. பஸ் என்றதும்தான் உறைத்தது. அழுத்தினேன். பஸ் மட்டும் போனது. பெயரும் கடையும் அதற்குள் காற்றில் ஏறி, எங்கள் ஒலிபரப்பு எட்டும் மூன்று மாவட்டத்துக்கும் போய்விட்டன.

ஃபேடரை இறக்கிவிட்டேன். ஆர்ஜே திகைத்துப்போய்க் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான். ஜிங்கிள் மூன்று தடவை ஓடியது.

தனியார் பண்பலைகள் ஆகாசவாணியின் நிகழ்ச்சி நெறிமுறையைத்தான் பின்பற்ற வேண்டும் என்பது உரிம நிபந்தனை. அந்த நெறிமுறையில் ஆபாசமும் உண்டு, அவதூறும் உண்டு. அது ஆபாசத்துக்கு மட்டும் பதறுவதில்லை, நாங்கள்தான் பதறினோம். பட்டியல் போட வசதியானது ஆபாசம்தானே. மதுரைக்காரர் இருவர் அன்பாகப் பேசிக்கொள்வதை அப்படியே ஒலிபரப்பினால் பட்டன் தேய்ந்துவிடும். ஒருவரைத் தெருவில் நிறுத்திவிடுகிற பேச்சோ பெரும்பாலும் நல்ல தமிழில்தான் வரும்.

ஷிஃப்ட் முடிந்ததும் டம்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். நேரம், நேயர், காரணம் என்று மூன்று கட்டம். முதல் வரியில் பாட்டி பெயருக்கு நேரே ‘வசைச்சொல்’ என்று எழுதினேன். இரண்டாவது வரியில் இளைஞரின் பெயரை எழுதிவிட்டுக் காரணத்துக்கு வந்து நின்றேன். காலை டூட்டிக்காரர் வந்து தோள் வழியாக எட்டிப் பார்த்தார். "கெட்ட வார்த்தையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எதுக்குப்பா அழுத்துன?" என்றார்.