சீல் வைத்த ஆஸ்பத்திரியில் கருவுக்கு யார் காவல்?

படாளத்திலிருந்து விடிகாலை ரயிலேறி, குழந்தை வரம் தேடிச் செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் போகிற தம்பதிகள் உண்டு. கரும்புப் பணமும் நகை அடகு வைத்த பணமும் கருத்தரிப்பு மையத்தில் போய்ச் சேருகிறது.

ஒரு நாள் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு! "டாக்டர் மூடிட்டுப் போயிட்டாருங்க" என்கிறார் வாட்ச்மேன். கட்டிய பணம் கிடக்கட்டும். உள்ளே உறைய வைத்த கரு என்ன ஆச்சு?

லைசென்ஸ் வாங்கியவர்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பெட்டிக்கடை மாதிரி ஷட்டரை இழுத்துவிட்டுப் போகிற தொழில் அல்ல இது.

ஆவியாகும் நைட்ரஜன்

கரு இருப்பது திரவ நைட்ரஜன் கலத்தில். குளிர் மைனஸ் 196 டிகிரி! கரண்ட் இருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. நைட்ரஜன் நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். ஆள் வந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றுபோனால் கரு போச்சு!

2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், நடந்துகொண்டிருந்த பெரிய ஆஸ்பத்திரியிலேயே கலத்தில் வெப்பம் ஏறி, 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் பாழாயின. மூடிய ஆஸ்பத்திரியின் கதி?

2022 ஜனவரி 25 முதல் அமலில் உள்ள மத்திய சட்டம், சிகிச்சை ஏடுகளை 10 வருடம் காக்கச் சொல்கிறது. இடையில் மூடினால் உடனே தேசியப் பதிவகத்திடம் சேர்க்க வேண்டும். நல்லது. ஏடு போய்விடும். கரு?

மூடுகிற டாக்டர் முன்கூட்டியே ஒவ்வொரு தம்பதிக்கும் பதிவுத் தபால் போட வேண்டும். கதவில் நோட்டீஸ் ஒட்டினால் படாளத்துக்காரர் கண்ணிலா படும்? கையெழுத்து வாங்கிக்கொண்டு, லைசென்ஸ் உள்ள வேறு மையத்துக்குக் கருவை மாற்றி, ரசீது கொடுக்க வேண்டும். முட்டை வளர தினம் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணை நடுவில் கைவிடுவது பெரும்பாவம். முடிக்க முடியாத சிகிச்சையை ஆரம்பிக்கவே கூடாது.

அரசுக்கும் பங்கு உண்டு

2022-ல் ஈரோட்டில் 16 வயதுப் பெண்ணின் கருமுட்டையை விற்ற கொடுமை அம்பலமானது. ஈரோடு, பெருந்துறை, சேலம், ஓசூரில் 4 ஆஸ்பத்திரிகளை மூட அரசு முடிவு செய்தது. சில கோர்ட்டுக்குப் போயின. உள்நோயாளிகளை 15 நாளில் அனுப்பச் சொன்னார்கள். நடவடிக்கை சரிதான். ஆனால் கலத்தில் இருக்கும் கருவுக்குக் கட்டிலும் இல்லை, உள்நோயாளிப் பட்டியலில் பெயரும் இல்லை!

சீல் வைக்கப் போகிற அதிகாரி, கலம் எத்தனை, கடைசியாக நைட்ரஜன் ஊற்றிய தேதி எது என்று முதலில் எழுதி வாங்க வேண்டும். ஊற்றுகிற ஆளை உள்ளே விட வேண்டும். சாவி எந்த அதிகாரியிடம் இருக்கிறது, அவருடைய போன் நம்பர் என்ன என்பதையும் சீலுக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டட்டும்.