'ட்யூமர்' என்றாலே கேன்சரா?

ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? டாக்டரிடம் போகும் முன்பே கவரைப் பிரிக்கிறோம். 'ஐயோ... ட்யூமராமே!' என்று வீடே அழ ஆரம்பித்துவிடுகிறது.

கொஞ்சம் பொறுங்கள். ட்யூமர் என்றால் அளவு மீறி வளர்ந்த திசுக்கட்டி, அவ்வளவுதான். அதில் 'பினைன்' என்பது மற்ற உறுப்புகளுக்குப் பரவாத சாதுக் கட்டி. கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டு, தோலுக்கடியில் உருளும் கொழுப்புக் கட்டி எல்லாம் இந்த ரகம். சாது என்பதால் அலட்சியமும் கூடாது. மூளை போன்ற இடத்தில் அழுத்தினால் அதுவும் ஆபத்தே. 'மாலிக்னன்ட்' என்று இருந்தால்தான் புற்றுநோய். அது பக்கத்துத் திசுக்களில் ஊடுருவும், பரவும்.

எந்த ரகம் என்று பெரும்பாலும் உறுதி செய்வது பயாப்ஸிதான். துளி சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். 'ஊசி பட்டா பரவிடுமாம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு இதைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது! அப்படிப் பரவுவது மிக மிக அபூர்வம். புற்றுநோயாகவே இருந்தால், தள்ளிப்போடும் நாட்களில் அது முற்றிவிடும் ஆபத்துதான் பெரிது.

டாக்டர்களே, ரிப்போர்ட்டின் அடியில் தமிழில் இரண்டு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நீங்களும்தான்... அடுத்த முறை புரியாத வார்த்தையைக் கண்டால் அழாதீர்கள். 'இதுக்கு என்ன அர்த்தம் டாக்டர்?' என்று கேளுங்கள். காசு கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் கேட்க வெட்கம் எதற்கு?