தொலைய மறுக்கும் இலக்குகள்

“சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தோம், எங்கள் வழிமுறை ஓர் இலக்கைக்கூடத் தவறவிடவில்லை.” போர்விமான ரேடாரின் தடம்பற்றலைப் பற்றிய ஆய்வேடுகளில் இவ்வகை வாக்கியம் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. இதைச் சாதனையாக ஏற்க இயலாது. அந்தச் சிமுலேட்டர்களில் இலக்கு தொலைவதற்கு வழியே வைக்கப்படவில்லை.

துடிப்பு டாப்ளர் ரேடார், தரையிலிருந்து திரும்பும் எதிரொலியை அதன் வேகத்தைக் கொண்டு இனங்கண்டு கழிக்கிறது. கீழே பறக்கும் எதிரி விமானம் நம் பார்வைக்கோட்டுக்குச் செங்குத்தாகத் திரும்பினால் அதன் எதிரொலியும் சேர்ந்து கழிந்துபோகும். ஒற்றை இலக்கைப் பூட்டியிருக்கும் முறையில், ரேடார் சில விநாடிகள் நினைவை நம்பிக் கணித்த இடத்தையே நோக்கியிருக்கும். பிறகு பூட்டு அறும். வருடிக்கொண்டே தடம்பற்றும் முறையிலோ, கற்றை மீண்டும் வரும்வரை எல்லாத் தடங்களும் கணிப்பில்தான் வாழ்கின்றன. எஃப்-14 விமானத்தின் ஏ.டபிள்யூ.ஜி.-9 ரேடார் 24 தடங்களை இவ்வாறு தாங்கியது. ஒரு வருடலுக்கு 2 விநாடி.

கணிப்பின் விலையைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் செல்லும் இலக்கு 3 ஜி முடுக்கத்தில் திரும்புகிறது; ரேடார் அது நேரே போவதாக எண்ணுகிறது. 8 விநாடியில் பிழை 900 மீட்டரைத் தாண்டிவிடும். அந்த வட்டத்துக்குள் வேறொரு விமானமும் இருந்தால்?

ஆரியசாலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாலைக் கடைத்தெருக் கூட்டத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவரைக் கண்ணால் பின்தொடர்கிறோம். சரக்கு லாரி மறைக்கிறது. நகர்ந்ததும் மூன்று நீலச் சட்டைகள். சிமுலேட்டரில் ஒவ்வொரு விமானத்துக்கும் அடையாள எண் உண்டு. நம் ஆய்வாளர் அதைப் பார்த்துப் பழைய தடத்தோடு இணைத்துவிடுகிறார். எதிரொலியில் எண் ஏது? வந்த எதிரொலிகளுள் எது இலக்கினுடையது என்ற ஐயத்தை நிகழ்தகவால் கையாளவே பார்-ஷாலோமும் ட்சேயும் 1975-இல் ஒரு வடிகட்டியை முன்வைத்தனர். அவர்கள் பட்ட பாட்டை நாம் ஒரு வரி நிரலில் முடித்துவிட்டோமாம்!

எந்த மாதிரியும் எளிமைப்படுத்தல்தானே என்பர். உண்மைதான், கணிப்பின் வேகத்தை மட்டும் அளப்பவர் அடையாள எண்ணை வைத்துக்கொள்ளட்டும். தடம் தொடர்வதை அளக்க வந்தவருக்கு அந்த உரிமை இல்லை. பொழுதுபோக்குக்கென டி.சி.எஸ். விளையாட்டில் ஹீட்பிளர் அமைத்த எஃப்-14 இவ்விடத்தில் அதிக நேர்மை காட்டுகிறது: பழைய தடம் வெறும் கணிப்பில் நகர்ந்துகொண்டிருக்க, இலக்கு வேறிடத்தில் புதிய தடமாக முளைக்கிறது.

பெங்களூரின் எல்.ஆர்.டி.இ. தேஜஸ் விமானத்துக்காக உத்தம் ரேடாரை உருவாக்கியுள்ளது. அஸ்திரா ஏவுகணை இடைவழியில் விமானம் அனுப்பும் இலக்குச் செய்தியைக் கொண்டே திசை திருத்திக்கொள்கிறது. தடம் மாறினால் அது வெற்று வானுக்கோ நம் விமானத்துக்கோ செல்லும். நம் மாணவர்கள் நாளை வேலைக்குச் செல்லக்கூடிய துறை இது.

ஆகவே எத்தனை தடங்கள் அறுந்தன, எத்தனை விநாடி கணிப்பில் ஓடின, எத்தனை இடம் மாறின என்னும் எண்ணிக்கை ஆய்வேட்டில் இருக்க வேண்டும். அடையாள எண்ணை நீக்கி மீண்டும் ஓட்டிய முடிவும் வேண்டும். இல்லையேல் தேர்வாளர்கள் ஏட்டைத் திருப்பி அனுப்பட்டும். வாய்மொழித் தேர்வு சில மாதம் தள்ளிப்போகும், போகட்டும்.